எம் இருந்த இடம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. ஓர் அறிவிப்புப் பலகைக்கு நான்கு வரி எழுதித் தரும்படி கேட்டார்கள். அந்த நான்கு வரி வராமல் போனதால் இது வந்தது.

பலகை பென்ரோ பண்ணை வீட்டுக்கு. தென் ஜெர்சியில், டெலவேர் ஆற்றுச் சதுப்பு முடிந்து தக்காளி வயல்கள் தொடங்கும் இடத்தில் நிற்கிற செங்கல் வீடு அது. கட்டியது 1734இல். அருங்காட்சியகம் ஆகி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மதியம் மட்டும் திறப்போம். உள்ளே பெரும்பாலும் ராட்டைகள்தான். இந்த வட்டாரத்தில் யார் வீட்டைக் காலி செய்தாலும் பரணில் ஒரு ராட்டை கிடக்கும், அது நேராக எங்களிடம் வந்துவிடும். வேண்டாம் என்று சொல்லச் சங்கடப்பட்டே மாடி அறை நிறைந்துவிட்டது. நான் கமிட்டியின் செயலாளர். வேறு யாரும் அந்த வேலைக்கு முன்வராததால் செயலாளர்.

இந்தக் கோடை முடிவதற்குள் மேற்குச் சுவருக்குச் சாரம் கட்டப் போகிறார்கள். எதற்கு என்று வருகிறவர்கள் கேட்பார்கள். "நீ டீச்சரா இருந்தவ, நாலு வரி எழுதிக் குடு" என்றார்கள். நான் எழுதியது இவ்வளவுதான்:

"இந்தச் சுவர் பிரித்துக் கட்டப்படுவதற்குக் காரணம் —"

இரண்டு மாதமாக அந்தக் கோடு அப்படியே நிற்கிறது. கோட்டுக்குப் பின்னால் என்ன வரவேண்டும் என்று கமிட்டியில் எல்லாருக்கும் தெரியும். வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுகிற எல்வுட் ஸ்டோக்ஸ் ஒருவருக்குத்தான் தெரியாது, அல்லது தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவருக்குக் கண் போய்விட்டது. புதுப் பலகை வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் முதலில் வருகிறவரைப் பிடித்து நிறுத்தி வாசிக்கச் சொல்வார்.

பலகையில் எழுத முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கு மொழிப்பற்று காரணமில்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எல்வுட்டுக்கு இதை யாரும் வாசித்துக் காட்ட முடியாது.

2

இரண்டு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "1734ஆம் ஆண்டின் இளவேனிற் காலையில் எலைஷா பென்ரோ தன் வயலின் களிமண்ணைக் கையில் அள்ளி, மனைவி மெஹெட்டபெல்லிடம்..."

இதை அடித்துவிட்டேன். இளவேனிலா, காலையா, அள்ளினானா, எனக்கு எப்படித் தெரியும்? செத்துப்போனவர்கள் கையில் களிமண்ணைக் கொடுத்துவிட்டால் எழுதுகிறவளுக்கு வேலை சுலபம். எனக்கு அந்தச் சுலபம் அலுத்துவிட்டது.

இரண்டாவது தொடக்கம் சுவரிலிருந்து. அதையே வைத்துக்கொள்கிறேன்.

வீட்டின் மேற்குப் பக்கச் சுவர் தரையிலிருந்து கூரையின் முக்கோண உச்சி வரை ஒரே பரப்பாக எழுகிறது. நீளவாக்கில் ஒரு செங்கல், குறுக்குவாக்கில் ஒரு செங்கல் என்று மாற்றி மாற்றி வைத்துக் கட்டியது. குறுக்கே வைத்த கல்லின் சின்ன முகம் மட்டும் வெளியே தெரியும். அந்த முகங்கள் நீலமும் சாம்பலும் கலந்து பளபளக்கும். சூளையில் நெருப்புக்கு மிகவும் பக்கத்தில் இருந்த கற்கள் அவை. சூட்டில் அவற்றின் முகம் உருகிக் கண்ணாடியாகிவிட்டது. சிவப்புக்கு நடுவே அந்தக் கற்களை மட்டும் எண்ணி எண்ணி வைத்து, சுவர் முழுக்க வைர வடிவங்கள் போட்டிருக்கிறார்கள். உச்சியில், பரண் ஜன்னலுக்கு மேலே, ஆள் உயரத்துக்கு மூன்று எழுத்துகள்.

கட்டியவர்கள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். தங்களை நண்பர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். சட்டையில் ஒரு பொத்தான் அதிகம் இருந்தால்கூட ஆடம்பரம் என்று முகம் சுளித்த கூட்டம். செத்தால் கல்லறைக்குக் கல் வைக்க மாட்டார்கள், அது தற்பெருமை. அப்படிப்பட்டவர்கள் வீட்டுச் சுவரில் மட்டும் சாலையில் போகிற வண்டிக்காரனுக்கும் தெரிகிற மாதிரி தங்கள் எழுத்தைப் போட்டுக்கொண்டார்கள். இந்தப் பக்கத்தில் இன்னும் சில வீடுகளிலும் உண்டு. ஏன் என்று அவர்கள் சொல்லி வைக்கவில்லை.

எல்வுட் அந்தப் புல்தரையில் நின்று சொல்லும் விளக்கம் இது. நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன்:

"மேல பாரு. உச்சியில 'பி'. பென்ரோ, குடும்பப் பேரு. அதுக்குக் கீழ இடது பக்கம் 'ஈ'. எலைஷா, வீட்டுக்காரன். வலது பக்கம் 'எம்'. மெஹெட்டபெல், வீட்டுக்காரி. பொதைக்கிற எடத்துல ஒரு கல்லு வெக்கக் கூடாதுன்னவங்கதான் இவங்க. அடக்கி அடக்கிப் பாத்திருக்காங்க, கடைசியில சொவரு வழியா வெளிய வந்திருச்சு. என் முன்னோருங்கதான், நான் சொல்லலாம். சரி, இந்தக் கல்லு இடுக்கெல்லாம் பாத்தியா? எழுபத்தாறுல நாட்டுக்கு எரநூறாவது பொறந்தநாளு வந்தப்ப பழைய சுண்ணாம்பு உதிர்ந்துக்கிட்டு இருந்துச்சு. எல்லாத்தையும் சொரண்டி எடுத்துட்டு நான்தான் சிமெண்ட் வெச்சேன். ரெண்டு கோடை. தக்காளிக்கு நடுவுல நேரம் திருடி. இனிமே எரநூறு வருசத்துக்கு அசையாது."

[இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதோடு எனக்கு ஒரு தகராறு வருகிறது.]

3

இப்போது எல்வுட்டின் மனைவி ஆர்டித். கமிட்டித் தலைவி. எண்பதைத் தாண்டியவள். எல்வுட் அவளுக்கு நான்கு வருஷம் மூத்தவர்.

ஆர்டித்தை எழுதுவதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று சின்னது. அவளை நான் அவள் என்கிறேன், எல்வுட்டை அவர் என்கிறேன். ஏறக்குறைய ஒரே வயசு, ஒரே மரியாதைக்குரியவர்கள். திருத்தப் பார்த்தேன், கை வரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் இந்த ஊர்ப் பள்ளியில் வேதியியல் நடத்தியும் என் தமிழ் அப்படியே இருக்கிறது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது சிக்கல் பெரியது. ஆர்டித் எல்வுட்டை எப்படிக் கூப்பிடுவாள்? முதலில் எழுதியதில் "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று அவளைப் பேசவைத்தேன். வாசித்தால் பொய்யாக இருந்தது. அந்த வீட்டில் இன்னும் பழைய குவேக்கர் பேச்சுத்தான். அவர்கள் மொழியிலும் ஒரு காலத்தில் நம்மைப் போலவே ஒருமை ஒன்று, மரியாதைப் பன்மை ஒன்று என்று இருந்தது. ராஜாவை, நீதிபதியை, பணக்காரனைப் பன்மையில் அழைக்க வேண்டும். இவர்கள் மாட்டோம் என்றார்கள். எதிரே நிற்பது ஒரு ஆள். ஒரு ஆளைப் பல ஆள் என்று கூப்பிடுவது பொய். அரசனாக இருந்தாலும் நீ என்பதுதான் உண்மை. இதற்காக ஜெயிலுக்கும் போனார்கள்.

நாம் தினமும் எத்தனை பேரை நீங்கள் என்கிறோம். அதை ஒரு பொய்யாக நான் நினைத்ததே இல்லை. ஆர்டித்தோடு பழகிய பிறகு எப்போதாவது நினைக்கிறேன், பிறகு அலுத்துப்போய் விட்டுவிடுகிறேன். உங்களை நீங்கள் என்றுதான் எழுதிக்கொண்டு வருகிறேன், அப்படியே இருக்கட்டும். ஆனால் எல்வுட் உங்களை நீ என்பார். வழிகாட்டியாக நிற்கும்போது யார் வந்தாலும் அவருக்கு நீதான்.

ஆர்டித்தைப் பற்றி முதலில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதில் அவள் ஒரு மாதா மாதிரி வந்துவிட்டாள். அதைக் கிழித்துப் போட்டேன். உண்மையில் அவள் பேசினால் காது எரியும். நான் முதன்முதலில் அவர்கள் வீட்டுக்கு, மாவுக்குள் பழம் வைத்துச் சுடுகிற பை செய்து கொண்டுபோனபோது எல்லார் முன்னாலும், "மாவு வேகல, காமி. பழமும் புளிக்குது. தட்டு நல்லா இருக்கு" என்றாள். என் பெயர் சிவகாமி. அதற்கு மேல் அவர்களுக்கு வாயில் நுழையவில்லை. ராட்டை கொண்டுவருகிறவர்களிடம், "உன் பாட்டன் இதைத் தொட்டிருக்கவே மாட்டான்" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது சத்தியம் செய்ய மறுத்தாள். எப்போதும் உண்மை பேசுகிறவளுக்குத் தனியாகச் சத்தியம் எதற்கு என்பது அவர்கள் கணக்கு.

அவள் பொய் சொல்ல மாட்டாள். சொல்ல முடியாததென்றால் வாயை மூடிக்கொள்வாள். இந்தக் கதை முழுக்க அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம்தான்.

4

இந்த வருஷம் குளிர் கடுமை. மார்ச்சில் பனி உருகியதும் மேற்குச் சுவரின் அடியில், நார்சிஸஸ் செடிகளுக்கு நடுவே, செங்கல் முகங்கள் கிடந்தன. முழுக் கல் இல்லை, முகம் மட்டும், ரொட்டியின் மேல்தோல் உரிந்த மாதிரி. நிறைய நீல முகங்கள். ஆர்டித் நிமிர்ந்து பார்த்தாள். உச்சியில் 'எம்' இல்லை. அது இருந்த இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் சொரசொரப்பாக ஒரு திட்டு.

அவள் எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு தக்காளிக் கூடையில் போட்டு, பண்ணை வீட்டுச் சமையல்கட்டு மேசைக்கு அடியில் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டாள். பிறகு லமாரையும் என்னையும் கூப்பிட்டாள்.

லமார் கீஸ்பி கொத்தனார். என்னிடம் படித்தவன். வேதியியலில் தேறவில்லை, அதை வருகிறபோதெல்லாம் நினைவுபடுத்துவான். எல்வுட் அன்று தீயணைப்பு நிலையத்தில், சதுப்பில் பிடித்த கஸ்தூரி எலியைச் சமைத்துப் போடுகிற விருந்துக்குப் போயிருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை வருகிற அந்த விருந்தை அவர் எதற்காகவும் விடமாட்டார். ஆர்டித் தலைவலி என்று சொல்லித் தங்கிக்கொண்டாள். தலைவலி நிஜமாகவே இருந்தது என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாள்.

லமார் ஏணியிலிருந்து இறங்கி வந்து, சமையல்கட்டில் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"நல்ல சேதியா கெட்ட சேதியான்னு கேப்பீங்க. நல்ல சேதி இல்ல."

"சுத்தி வளைக்காத" என்றாள் ஆர்டித்.

"இந்தக் கல்லு மெதுவானது. வயல் மண்ணு, விறகு நெருப்பு. தண்ணியக் குடிக்கும். குடிச்சதைப் பழைய சுண்ணாம்பு இடுக்கு வழியா வெளிய விட்டுரும். சொவரு மூச்சு விடற மாதிரி வெச்சுக்கங்க. இடுக்கெல்லாம் சிமெண்ட்டப் போட்டு அடைச்சாச்சு. தண்ணி எங்க போகும்? கல்லுக்குள்ளயே நிக்கும். குளிர்ல ஐஸாகி, முகத்தைத் தள்ளிக்கிட்டு வந்துரும். தண்ணி ஐஸானா பெருசாகும், இல்லையா டீச்சர்? அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் மார்க் வாங்கினேன்."

நான் சிரிக்கவில்லை.

"அப்ப, எல்வுட் பண்ணினதாலயா?" என்று ஆர்டித் கேட்டாள்.

"அந்த வருசம் எல்லாரும் பண்ணாங்கம்மா. எங்க மாமா எங்க சர்ச்சுக்கு இதையேதான் பண்ணாரு. சிமெண்ட் கெட்டி, கெட்டியா இருந்தா நல்லதுன்னு..."

"நான் கேட்டது அது இல்ல, லமார்."

அவன் தொப்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"ஆமா" என்றான். "அதனாலதான்."

பரண் மட்டத்துக்கு மேலே சுவரைப் பிரித்து, தேறுகிற கற்களைத் திருப்பி வைத்து, சுண்ணாம்பில் மறுபடி கட்ட வேண்டும் என்றான். அடுத்த குளிருக்குள் செய்யாவிட்டால் மற்ற இரண்டு எழுத்தும் போகும், சுவரும் போகலாம்.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. குவேக்கர் வழக்கப்படி அவர்கள் ஓட்டுப் போட மாட்டார்கள். விஷயத்தை நடுவில் வைத்துவிட்டு எல்லாரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். போதுமான நேரம் உட்கார்ந்தால் முடிவு தானாகத் தெரியும் என்பது நம்பிக்கை. எல்வுட் கௌரவ உறுப்பினர், வந்திருந்தார். "மேற்குச் சொவருக்குக் கொஞ்சம் வேல இருக்கு" என்று ஒருவர் சொன்னார்.

"என்ன வேல?" என்றார் எல்வுட்.

யாரும் பேசவில்லை. அந்தக் கூட்டத்தில் யாரும் பேசாமல் இருப்பது விசேஷம் இல்லை. வேறு எந்த ஊர்க் கமிட்டியாக இருந்தாலும் அந்த அமைதி காட்டிக் கொடுத்திருக்கும். இவர்களுடைய மௌனத்துக்குள் ஒரு யானையை ஒளித்துவைக்கலாம். எல்வுட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் யாரோ காபி ஆறுகிறது என்றார்கள், எழுந்தோம்.

5

ஜூன் மாத ஞாயிறு. ஒரே ஒருத்தி வந்தாள். முப்பது வயசு இருக்கும், நெஞ்சில் தூளி மாதிரி கட்டிய துணியில் ஒரு கைக்குழந்தை. பாலத்துக்கு அந்தப் பக்கம் வில்மிங்டனிலிருந்து வருவதாகச் சொன்னாள். கையில் எங்கள் பழைய துண்டுப் பிரசுரம், அட்டையில் சுவரின் படம், மூன்று எழுத்தோடு.

எல்வுட் அவளைப் புல்தரைக்கு அழைத்துப் போனார். தடியை ஊன்றி, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றார்.

"மேல மூணு எழுத்து இருக்கும். நீ படி, கேப்போம்."

அவள் நிமிர்ந்தாள். பிரசுரத்தைப் பார்த்தாள். மறுபடி நிமிர்ந்தாள். பிறகு திரும்பி வாசலைப் பார்த்தாள். வாசலில் ஆர்டித் நின்றாள். நான் ஆர்டித்துக்குப் பின்னால் நின்றேன். ஆர்டித் தலையை அசைக்கவில்லை, கையைக் காட்டவில்லை, உதட்டில் விரல் வைக்கவில்லை. சும்மா நின்றாள். அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

"பி" என்றாள் அந்தப் பெண். "ஈ."

"ம்."

"எம்."

"நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது, தாத்தா."

"ஆம்பளப் புள்ளயா, பொண்ணா?" என்று குழந்தையின் சிணுங்கலைக் கேட்டு விசாரித்தார். பொண்ணு என்றாள். அதன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவ வளர்ந்து வர்றப்ப எழுத்து என்ன ஆகியிருக்குமோ" என்றார்.

அவள் போன பிறகு ஆர்டித் சமையல்கட்டில் கோப்பைகளைக் கழுவினாள். நான் துடைத்தேன்.

"அவ பொய் சொன்னா" என்றாள் ஆர்டித்.

"உனக்காக."

"நான் கேக்கல."

"கேக்காமலே வாங்கிக்கிட்ட."

கோப்பையை வைத்துவிட்டு நின்றாள்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவன்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல, காமி. இப்பவும் சொல்லல. அது போதும்னு நெனச்சேன். போதல."

"சொல்லிடேன் ஆர்டித்."

"என்னன்னு சொல்ல? கண்ணு போச்சு. நெலத்தைக் குத்தகைக்கு விட்டாச்சு. கையால செஞ்சதுன்னு அவனுக்கு மிச்சம் இருக்கிறது அந்தச் சொவரு. அதைக் கொன்னது நீதான்னு நான் போய்ச் சொல்லணுமா? மெஹெட்டபெல்லுக்குக் கல்லறையில கூட ஒரு கல்லு இல்ல. அந்த ஒரு எழுத்துதான். அது போனது உன்னாலன்னு?"

"சாரம் கட்ட வந்தா கேப்பாரே."

"கேப்பான். அதுக்குத்தான் உன்னைப் பலகை எழுதச் சொன்னோம். நல்லா எழுது. உண்மையா இருக்கணும். அவனுக்குப் புரியக் கூடாது."

அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. துணியை மடித்து வைத்தேன்.

6

"காலத்தின் தாக்கத்தால்..." பொய். காலம் இருநூற்று நாற்பது வருஷம் அந்தச் சுவரை ஒன்றும் செய்யவில்லை.

"முந்தைய பராமரிப்பின்போது பயன்படுத்தப்பட்ட பொருள்களின் காரணமாக..." இது உண்மை. ஆளை ஒளித்துவைக்க 'படு' என்று ஒரு துணைவினை நமக்கு இருக்கிறது. செய்யப்பட்டது, பூசப்பட்டது, கொல்லப்பட்டது. அவர்கள் மொழியிலும் உண்டு. எல்லா அரசாங்கங்களும் அதில்தான் எழுதுகின்றன. ஆனால் எல்வுட் இதைக் கேட்டால், "யார் பயன்படுத்துனது?" என்பார். அவருக்கு ஒருமை வேண்டும்.

"அன்பின் மிகுதியால்..." இதை எழுதிய கையோடு என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

பலகையை விட்டுவிட்டுக் கதையைத் திருத்த உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்தத் தகராறு. இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். எல்வுட் தானே சொல்கிறார், உச்சியில் பி, இடது ஈ, வலது எம் என்று. ஐந்தாம் பகுதியில் அவர் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைப் படிக்கச் சொல்கிறார். ஒரே ஆள், ஒரே புல்தரை, இரண்டு மாதிரிப் பேச்சு. எழுதுகிறவளின் கவனக்குறைவு என்று நினைத்து, ஐந்தாம் பகுதியை மாற்றப் பேனாவை எடுத்தேன்.

மாற்ற முடியவில்லை. இரண்டும் நான் காதால் கேட்டவை. போன இலையுதிர்காலம் வரை அவரேதான் சொல்லிக்கொண்டிருந்தார். கண் போய் நான்கு வருஷம் ஆகிறது. அந்த நான்கு வருஷமும் மனப்பாடமாகச் சொன்னார். ஒப்பிக்கக் கண் எதற்கு?

ஆர்டித்துக்குப் போன் செய்தேன்.

"எல்வுட் எப்பலேருந்து மத்தவங்களைப் படிக்கச் சொல்றார்?"

"ஏன்?"

"சும்மா. எழுதிக்கிட்டிருக்கேன்."

யோசித்தாள். "ஏப்ரல். ஏப்ரல் ஞாயித்துக்கெழம. பேச்சு மறந்துபோச்சோன்னு பயந்தேன்."

"எழுத்து விழுந்தது மார்ச்சுல."

அவளுடைய மௌனங்கள் எனக்குப் பழக்கம், ஆனால் இது அந்த ரகம் இல்லை. பின்னால் எல்வுட் ரேடியோவில் பேஸ்பால் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"வெச்சிடறேன், காமி" என்றாள்.

இப்போது முடிவுகள். எழுதிப் பார்த்தவை எல்லாவற்றையும் தருகிறேன், எனக்கு ஒன்றும் ஒளிக்கத் தெம்பில்லை.

(அ) ஆர்டித் போனை வைத்துவிட்டுப் போய் அவரிடம் சொல்கிறாள். அவர் அழுகிறார், அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். இதை எழுதி முடிக்கும்போது எனக்கும் கண் கலங்கியது. அதனாலேயே நம்பவில்லை.

(ஆ) அவருக்கு ஏற்கெனவே தெரியும். இடுப்பு உயரத்திலும் கற்கள் முகம் இழந்திருக்கின்றன. சுவரைத் தடவிக்கொண்டுதானே வீட்டைச் சுற்றுகிறார், விரல் சொல்லியிருக்கும். எல்லாம் தெரிந்தவர் தெரியாத மாதிரி இருந்தார் என்கிற முடிவை நீங்களும் நானும் எத்தனை கதைகளில் பார்த்தாயிற்று. அடித்தேன். அடித்த கோட்டுக்குக் கீழே அது இன்னும் தெரிகிறது.

(இ) தெரிந்திருந்தால் எதற்காகக் கேட்கிறார்? யாராவது ஒருவர், ஆர்டித்தாக இல்லாத ஒருவர், உண்மையைச் சொல்லிவிடட்டும் என்றா? அவள் சொல்ல வேண்டிய பாரம் அவளுக்கு இல்லாமல் போகட்டும் என்றா? அல்லது ஒரு ஞாயிறாவது அந்த எழுத்து அங்கே இருக்கிறது என்று பிறர் வாயால் கேட்க ஆசைப்பட்டா? அல்லது

இங்கே நிறுத்திவிட்டேன். ஒரு வயதான மனிதரின் மண்டைக்குள் இதற்கு மேல் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை.

7

சாரம் கட்ட லமார் திங்கட்கிழமை வருகிறான். அதற்கு முந்தின நாள் இரண்டாவது ஞாயிறு. பலகை எழுதவில்லை. கமிட்டியிடம் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. நானும் அவர்களைப் போலக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம்.

அந்த ஞாயிறு நீங்கள் வருகிறீர்கள். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவு தூரம் வாசித்துவிட்டீர்கள், வீடு உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. வண்டியை ஓக் மரத்தடியில் விடுங்கள். மாடியில் ராட்டைகள் வேண்டாம், நேரே மேற்குப் பக்கம் போய்விடுங்கள்.

எல்வுட் தடியோடு வருவார். செருப்புச் சத்தத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கப் பார்ப்பார், முடியாது. பேசினால் தெரிந்துகொள்வார்.

"நீ காமியோட ஊரா? அவ பை பண்ணிக் கொண்டாந்தா தின்னுடாத."

சிரியுங்கள். அவருக்குப் பிடிக்கும். உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, புல்தரையில் அந்த இடத்துக்கு அழைத்துப் போவார். மேலே பாருங்கள். மாலை வெயில் நேராக அடிக்கும், நீலக் கற்கள் எல்லாம் மின்னும், அந்தத் திட்டு மட்டும் மின்னாது. தமிழில் எம் என்றால் எங்கள் என்று பொருள் என்பது அப்போது நினைவுக்கு வந்து தொலைக்கும், அதை ஒதுக்குங்கள், உதவாது.

வாசலில் ஆர்டித் இருப்பாள். உங்களுக்கு ஒரு ஜாடையும் காட்ட மாட்டாள், அதை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் இந்த முறை அவள் வாசலோடு நிற்கவில்லை. படி இறங்கிப் புல்லில் நடந்து வருகிறாள். இரண்டு கையிலும் தக்காளிக் கூடை, மேலே துணி இல்லை. அதைக் கொடுக்க வருகிறாளா, உங்கள் பதிலைக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொண்டுபோக வருகிறாளா என்று எனக்குத் தெரியாது. அவளை நடக்கவைத்தது நான்தான், ஆனாலும் தெரியாது.

கூடைக்குள் கல் முகங்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் எல்வுட்டுக்குக் கேட்கும். தலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ப்பார். அவளைக் கூப்பிட மாட்டார். உங்கள் முழங்கையில் அவர் பிடி இறுகும்.

"உச்சியில என்ன எழுத்து?" என்பார். சொல்லுங்கள், அது சுலபம். "இடது பக்கம்?" அதையும் சொல்லுங்கள்.

"வலது பக்கம்?" என்பார். "நீ படி."